முடிவை முதலில் எழுதுகிறவர்

எழுதுகிறவர்கள் வலைப்பூ தொடங்கலாமா, வேண்டாமா என்று என்னிடம் யோசனை கேட்க ஆட்கள் வருகிறார்கள். நீதிமன்றத்துக்கு எதிரே டைப்பிங் கடை வைத்திருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது? நான் மனு அடிப்பவன். வாடகைத் தகராறு, விவாகரத்து, சொத்துச் சண்டை என்று ஊரார் வயிற்றெரிச்சல் எல்லாம் என் விரல் வழியாகத்தான் நீதிபதியிடம் போகிறது. ஆனால் என் அக்காவின் கணவர் எழுத்தாளர், அவருடைய நாவல்களை அடித்துக் கொடுத்தது நான், அவருக்கு வலைப்பூ அமைத்துக் கொடுத்ததும் நான் என்பது எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. கேட்கிறவர்களிடம் தொடங்கு என்றும் சொல்வதில்லை, தொடங்காதே என்றும் சொல்வதில்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறேன். கடையில் வேலை இல்லாமல் இருந்து, வந்தவரின் முகமும் பிடித்துப்போனால், மாமாவின் கதையைச் சொல்கிறேன்.

மாமாவை நான் எமன் என்றுதான் கூப்பிடுவேன், முகத்துக்கு நேராகவே. அவருடைய எந்த நாவலை எடுத்தாலும் கடைசியில் யாராவது ஒருவர் சாவார். சும்மா சாவதில்லை. அடிக்கிற எனக்கே கண் மறைத்து எழுத்து தெரியாமல் போகிற அளவுக்குச் சாவார். பகலில் மாமாவுக்குக் குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் வேலை. குழாயில் தண்ணீர் வரவில்லை, வந்தால் சாக்கடை நாற்றம் அடிக்கிறது என்று வருகிறவர்களிடம் எல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்வதுதான் அந்த வேலை. ஓய்வு பெறும் வரை ஒருவரையும் அவர் திருப்பித் திட்டியதில்லை. “அங்க வாங்குற திட்டுக்கெல்லாம் வீட்டுக்கு வந்து யாரையாவது கொன்னு தீர்த்துக்கறார்,” என்பாள் அக்கா.

வீட்டில் சாப்பாட்டு மேசைதான் அவர் எழுதும் மேசை. உப்பு ஜாடியை ஓரமாக நகர்த்திவிட்டு உட்கார்வார். அவரிடம் ஒரு வினோதம் உண்டு. எல்லாரும் ஆரம்பத்திலிருந்து எழுதுவார்கள், மாமா கடைசி அத்தியாயத்தைத்தான் முதலில் எழுதுவார். யார் சாகிறார், எங்கே, எப்படி, கடைசியாக என்ன சொல்கிறார் என்று ஒரு சொல் பாக்கியில்லாமல் எழுதி, பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிடுவார். அதன் பிறகுதான் முதல் அத்தியாயம். நடுவில் எழுத்து மக்கர் பண்ணினால் டப்பாவைத் திறந்து அந்தக் கடைசியை எடுப்பார். நாலு இடத்தில் திருத்துவார், திரும்ப உள்ளே வைப்பார். எழுத்து ஓட ஆரம்பித்துவிடும். ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

“எங்க இறங்கணும்னு தெரியாம பஸ்ல ஏறுவியா மாப்ளே?” என்றார்.

அக்கா கணக்கு டீச்சர். மாமா எழுதுவதை முதலில் படிக்கிற ஆள் அவள்தான். நான் அடித்து எடுத்துப் போகும் தாள்களைப் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து படிப்பாள். பிடித்த வரிக்கு டிக், பிடிக்காத வரிக்கு ஒரு கோடு, அத்தியாயத்தின் கடைசியில் பத்துக்கு இவ்வளவு என்று மார்க். காதல் அத்தியாயங்களுக்கு மூன்றைத் தாண்டியதே இல்லை. “இவருக்கு இது வராது, எனக்கில்ல தெரியும்,” என்று என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாள். சாவு அத்தியாயங்களுக்கு எட்டு, ஒன்பது என்று தாராளமாகப் போடுவாள். மாமா மார்க்கைப் பார்த்துவிட்டுக் காதுமடலைத் தடவிக்கொள்வார். அவருக்குச் சந்தோஷம் என்றால் அவ்வளவுதான் வெளியே தெரியும்.

ஏழாவது நாவலை அடித்து முடித்து வெகு நாளாகியும் அது பதிப்பாளரின் அலமாரியிலேயே கிடந்தது. முந்தைய ஆறும் கிடங்கில் கரையானுக்குப் பயந்து கிடந்தன. ஒருநாள் பதிப்பாளரே என் கடைக்கு வந்துவிட்டார். நல்ல மனிதர், வியர்வை மட்டும் அதிகம். நாற்காலியை மின்விசிறிக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

“தம்பி, இப்பல்லாம் யாரும் புத்தகத்தை வாங்குறதில்ல, ஆளைத்தான் வாங்குறாங்க. உங்க மாமாவை ஒரு பிளாக் ஆரம்பிக்கச் சொல்லுங்க. வாரத்துக்கு ஒண்ணு எழுதட்டும். நாலு பேருக்கு அவரைத் தெரியட்டும். அப்புறம் ஏழாவதை நான் அச்சடிக்கலைன்னா என்னை ஏன்னு கேளுங்க.”

அப்போது அக்காவுக்குக் கல்லீரலில் கட்டி என்று கண்டுபிடித்து, அறுவை சிகிச்சையும் முடிந்து, புதன்கிழமை தோறும் கீமோ போய்க்கொண்டிருந்தது. நேரம் கெட்ட நேரம் என்று நினைத்தேன். இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தானே ஆக வேண்டும். அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் விஷயத்தைப் போட்டேன்.

மாமா ஒரேயடியாக மறுத்தார். “ஒரு பக்கம் எழுத ஒரு வாரம் எடுத்துக்கறவன் நான். தினம் ஷட்டரைத் தூக்கி வியாபாரம் பண்ண நான் என்ன காய்கறிக் கடையா வெச்சிருக்கேன்? அப்புறம், எதைப் பத்தி எழுதறது? கதைன்னா யாரை வேணும்னாலும் என்ன வேணும்னாலும் பண்ணலாம். அதுல நான்தானே நிக்கணும்? என்கிட்ட என்ன இருக்கு? குழாயைப் பத்தி எழுதட்டுமா?”

“குழாயைப் பத்தி எழுதினா பதினெட்டு வருஷம் வாங்கின திட்டைத் திரும்ப வாங்கலாம்,” என்றேன் நான்.

அக்கா சிரிக்கவில்லை. மேசைமேல் கிடந்த மாத்திரை அட்டையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிறகு, “என்னைப் பத்தி எழுதுங்க,” என்றாள்.

நாங்கள் இருவரும் அவளைப் பார்த்தோம்.

“என்ன பாக்குறீங்க? வாரா வாரம் அந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். அங்க வர்றவங்க, போறவங்க, ஊசி குத்தத் தெரியாத அந்தப் புது நர்ஸு, எல்லாத்தையும் எழுதுங்க. ஏழாவது புஸ்தகம் வரணும். அதை நான் கையில வெச்சுப் பாக்கணும். அதுக்கு இதுதான் வழின்னா எழுதுங்க. ஆனா ஒண்ணு.”

“என்ன?”

“முடிவு எழுதக் கூடாது. நான் பொழைக்கப் போறவ. டாக்டர் மருந்துக்குக் கேக்குதுன்னு சொல்லியிருக்கார். உங்க நாவல்ல வர்றவங்களை நீங்க என்ன வேணும்னாலும் பண்ணுங்க. என் கதையை நீங்க முடிக்கக் கூடாது. சரின்னா ஆரம்பிங்க, இல்லைன்னா வேண்டாம்.”

மாமா உப்பு ஜாடியை ஓரமாக நகர்த்திவிட்டு, “சரி, எழுதமாட்டேன்,” என்றார். அவள் கையை நீட்டினாள். அவர் அதில் அடித்துச் சத்தியம் செய்தார். இப்படித்தான் அந்த வலைப்பூ தொடங்குவது என்று முடிவானது.

என் கடைக் கணினியிலேயே அதை அமைத்துக் கொடுத்தேன். எழுதியதை உடனே வெளியிடாமல் வைத்திருக்கவும், இன்ன நாள் இன்ன நேரத்துக்கு என்று குறித்துவிட்டால் தானாகவே வெளியாகும்படி செய்யவும் கற்றுக்கொடுத்தேன். புதன்கிழமை காலை எட்டு மணி என்று நேரம் குறித்துக்கொண்டோம். எல்லாம் தயார், எழுத்துதான் வரவில்லை. மாமா வந்து உட்கார்வார், திரையைப் பார்ப்பார், எழுந்து போவார். வாரக் கணக்கில் இதே கூத்து. பதிப்பாளர் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா, “என்னங்க, நான் அவ்வளவு போர் அடிக்கிற ஆளா?” என்று கேட்டுவிட்டாள்.

திடீரென்று ஒருநாள் வந்தார். மளமளவென்று மூன்று கட்டுரைகள் எழுதி முடித்துவிட்டார். முகமே தெளிந்திருந்தது.

“எப்படி மாமா?” என்றேன்.

“வழி தெரிஞ்சுடுச்சு மாப்ளே,” என்றார், அவ்வளவுதான்.

சும்மா சொல்லக் கூடாது, நன்றாக எழுதினார். நரம்பு கிடைக்காமல் தடுமாறிய நர்ஸுக்கு அக்காவே தைரியம் சொன்னதை எழுதினார். சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்து எப்போது தீரும் என்று அவள் மனக்கணக்குப் போட்டு, பக்கத்து நாற்காலிக்காரர்களுக்கும் சேர்த்துச் சொன்னதை எழுதினார். முடி கொட்டியதும் கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு, “எங்கப்பா மாதிரியே இருக்கேன், அவருக்கு மீசை இருந்துச்சு,” என்றாளே, அதையும் எழுதினார். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம், ‘டீச்சர் இந்த வாரம் எப்படி இருக்கிறார்?’ என்று கேட்டு எழுதத் தொடங்கினார்கள். அக்காவுக்குத் திரையைப் பார்த்தால் தலை சுற்றும். அதனால் ஒவ்வொரு புதன் சாயங்காலமும் அன்று வெளியானதைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக்கொண்டு போவேன். பழையபடி பென்சிலோடு உட்கார்ந்து மார்க் போடுவாள். ஏழுக்குக் கீழே இறங்கவில்லை. பதிப்பாளர் ஏழாவது நாவலை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார். அந்த வீட்டில் அந்த இரண்டு மாதமும் நோய் இருந்தது என்பதே சில சமயம் மறந்துபோகும்.

ஒரு புதன்கிழமை காலை நான் ஒரு ஜீவனாம்ச மனு அடித்துக்கொண்டிருந்தேன். வழக்கமாக வரும் வக்கீல் குமாஸ்தா உள்ளே வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் என் தோளில் கை வைத்தார்.

“கடையைத் திறந்து வெச்சிருக்கீங்க? உங்க அக்கா தவறிட்டாங்களாமே. இப்பதான் படிச்சேன்.”

வலைப்பூவைத் திறந்தேன். ‘இன்று காலை அவள் போய்விட்டாள்’ என்று ஆரம்பித்தது. சன்னலோரக் கட்டில். காலை வெளிச்சம். மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அவளுக்குப் பயமே இல்லை. “சன்னலைச் சாத்தாதீங்க, வெளிச்சம் வந்துட்டுப் போகட்டும்,” என்கிறாள். அதுதான் அவளுடைய கடைசி வார்த்தை.

அக்காவின் கட்டில் உள்சுவர் ஓரம்தானே கிடந்தது, சன்னலோரம் எப்போது போனது என்று ஒரு கணம் தோன்றியது. முடியாதவளுக்காக நகர்த்தியிருப்பார்கள் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். மாமாவின் எழுத்தில் செத்தவர் யாரும் பிழைத்ததில்லை. நான் நம்பிவிட்டேன்.

மாமாவின் போன் அணைத்துக் கிடந்தது. கடையை அப்படியே போட்டுவிட்டு ஸ்கூட்டரில் வீட்டுக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. கீழ் வீட்டம்மா, “ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனாங்களே,” என்றாள். உடலை அங்கே கொண்டுபோயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் யாரைக் கேட்பது, எங்கே போவது என்று புரியாமல் கால் போன போக்கில் நடந்தேன். கால் பழக்கமான கீமோ அறைக்குத்தான் போனது.

அக்கா வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கையில் ஊசியோடு, இன்னொரு கையால் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

“என்னடா, கடையைப் பூட்டிட்டா வந்தே?” என்றாள்.

நான் அவள் காலடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன். எல்லா நாற்காலிகளும் திரும்பிப் பார்த்தன.

“டேய், ஏன்டா? யாராவது செத்துட்டாங்களா?”

“நீதான்க்கா,” என்றேன். வாயிலிருந்து அப்படியே வந்துவிட்டது.

“நானா? எப்போ?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா போனை எடுத்து உயிர் கொடுத்தார். அந்த அறையில் போனை அணைத்து வைக்க வேண்டும் என்பது விதி. வந்து குவிந்திருந்த இரங்கல் செய்திகளைப் பார்க்கப் பார்க்க அவர் முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் வடிந்தது. நர்ஸ் வந்து எங்களைச் சத்தம் போடாதீர்கள் என்று அதட்டிவிட்டுப் போனாள்.

நடந்தது இதுதான். அக்காவிடம் கை அடித்துக் கொடுத்த சத்தியத்தோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறார், ஒரு வரி நகரவில்லை. இறங்குமிடம் தெரியாமல் அவரால் ஏற முடியாது. கடைசியில், யாருக்கும் காட்டப் போவதில்லைதானே என்று, அக்காவின் சாவை முதலில் எழுதி வைத்துவிட்டார். முன்பு பிஸ்கட் டப்பா, இப்போது வெளியிடாத கட்டுரைகளின் வரிசை. எழுத்து தடைப்படும்போதெல்லாம் பழைய வழக்கப்படி அதைத் திறந்து திருத்தியிருக்கிறார். அந்த வரிசையில் கடைசியாக எதைத் திருத்தினோமோ அதுதான் மேலே வந்து நிற்கும். செவ்வாய்க்கிழமை அதைத் திருத்தியதை மறந்து, மேலே இருப்பதுதான் புதுக் கட்டுரை என்று நினைத்து, திறந்துகூடப் பார்க்காமல் புதன் காலை எட்டு மணி என்று குறித்துவிட்டார். பிஸ்கட் டப்பா தானாகத் திறந்துகொள்ளாது. அதை வைத்தே பழகிய மனிதர்.

டாக்சியில் வீட்டுக்கு வந்தோம். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அக்கா ஒவ்வொரு வளைவிலும் நின்று மூச்சு வாங்கித்தான் ஏறுவாள். கடைசி வளைவில் நிமிர்ந்து பார்த்தால், பூட்டிய கதவுக்கு முன்னால் பதிப்பாளர் பெரிய மலர்வளையத்தோடு வியர்த்து வழிந்துகொண்டு நிற்கிறார். அக்காவைப் பார்த்ததும் அதை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். மறைகிற அளவா அது?

“குடுங்க,” என்று கையை நீட்டினாள் அக்கா. “எனக்கு வந்ததுதானே?”

வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். பிறகு என்னைப் பார்த்து, “போய் அதை அச்செடுத்துட்டு வா. பெரிய எழுத்துல,” என்றாள். எடுத்து வந்தேன். பென்சிலைச் சீவிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். மாமா அடுப்படி வாசலில் நின்றார். அவள் நிதானமாகப் படித்தாள், டிக் போட்டாள், ஓர் இடத்தில் நீளமாகக் கோடு போட்டாள். கடைசியில் மார்க் போட்டுத் தாளை மாமா பக்கம் தள்ளினாள். பத்துக்கு ஏழு.

“மூணு மார்க் எதுக்குக் குறைச்சேன் தெரியுமா? அந்தக் கடைசிப் பேச்சு. நான் இப்படிப் பேசமாட்டேன். இவ்வளவு அழகா எவ சாவா?”

மாமா வந்து தாளைக் கையில் எடுத்தார்.

“இன்னொண்ணு. டாக்டர் உங்களைத் தனியாக் கூப்பிட்டு, வருஷக் கடைசி தாண்டாதுன்னு சொன்னதா இதுல வருது. அது கதையா, நெசமா?”

மாமா தரையைப் பார்த்தார்.

“என்கிட்ட மருந்துக்குக் கேக்குதுன்னாரே.”

அக்கா பென்சிலை மேசைமேல் வைத்தாள். அது உருண்டு கீழே விழுந்தது, யாரும் எடுக்கவில்லை. “அப்ப நெசம்தான்,” என்றாள்.

என் வாழ்க்கையில் ஒரு மனிதரை அடிக்க வேண்டும் என்று கை துடித்தது அன்றுதான். “சத்தியம் பண்ணீங்களே மாமா! கையில அடிச்சு சத்தியம் பண்ணீங்களே!” என்று கத்தினேன். “முடிவு தெரியாம எனக்கு ஒரு வரிகூட வரலை மாப்ளே. புஸ்தகம் வரணும்னு அவ கேட்டா, நான் என்ன பண்ணட்டும்?” என்று அவர் விம்மி விம்மி அழுதார். அக்காதான் எங்கள் இருவரையும் அடக்கினாள்.

“போதும், கீழ் வீட்டுக்குக் கேக்கும். முதல்ல போய் அதை எடுங்க. நான் உயிரோட இருக்கேன்னு போடுங்க.”

‘என் மனைவி உயிருடன் இருக்கிறாள். தவறுக்கு மன்னிக்கவும்’ என்று மாமா போட்டார். சந்தோஷம் என்று சிலர் எழுதினார்கள். மற்றவர்களுக்குக் கோபம். விளம்பரத்துக்காக இப்படியெல்லாமா செய்வது என்று ஒருவர் கேட்டார். நாள் முழுக்க அழுது வேலைக்குக்கூடப் போகவில்லை என்று ஒரு பெண் எழுதினாள். அழுத கண்ணீருக்கு நஷ்ட ஈடு கேட்டு என் கடைக்கு மனு அடிக்க வராததுதான் பாக்கி. அதற்குப் பிறகு மாமா வலைப்பூவில் ஒன்றும் எழுதவில்லை.

மறுநாள் அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். போனால், கட்டிலைச் சன்னலோரம் நகர்த்தச் சொன்னாள்.

“எழுதினபடி இருக்கணும்ல,” என்றாள்.

மாமா, “வேண்டாம்மா,” என்றார். அவள் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவரை வறுத்தெடுத்தாள். காபி கொண்டுவந்தால், “இந்தக் கையைத்தானே பிடிக்கணும், அந்தக் கையையா?” என்பாள். காலையில் கண் விழித்ததும், “வெளிச்சம் சரியா விழுதா பாருங்க, இன்னைக்கே போயிடலாமா?” என்பாள். அவர் காதைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவார். ஏழாவது நாவல் வந்தது. பதிப்பாளர் கொண்டுவந்து கொடுத்ததும் முகர்ந்து பார்த்தாள், அட்டையைத் தடவினாள். “இதுல யாரு சாவறா?” என்றாள். “உனக்குத்தான் தெரியுமே, நீதான் எட்டு மார்க் போட்டே,” என்றார் மாமா. அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள், திறக்கவில்லை.

ஏன் அவரை இப்படிப் படுத்துகிறாய் என்று ஒருநாள் நானே கேட்டுவிட்டேன். சன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு மாடியில் காய்ந்த துணிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“பாதி கோவம்டா. இருக்கற கொஞ்ச நாளை, பொழைச்சுடுவேன்னு நினைச்சுக்கிட்டே ஓட்டியிருப்பேன். அதைக் கெடுத்துட்டார். மீதிப் பாதி என்னன்னா, அவர் எழுதினது நல்லாத்தான் இருக்கு. அந்த மாதிரி கிடைச்சா போதும்னு தோணுது. அவர்கிட்ட சொல்லாதே, தலைக்கு ஏறிடும்.”

அந்த மாதிரி கிடைக்கவில்லை. மழைக்காலத்தில் ஒருநாள் மத்தியானம் அக்காவுக்கு மூச்சு முட்டி, ஆம்புலன்ஸில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். ஸ்கேன் எடுக்கக் கீழ்த் தளத்துக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். மாமா மருந்துக் கவுன்டரில் நின்றார். நானும் ஒரு ஊழியரும் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போய் லிஃப்டுக்கு முன்னால் காத்திருந்தோம். டியூப்லைட் ஒன்று விட்டு விட்டு எரிந்தது. சுவர் முழுக்கப் பச்சைப் பெயின்ட், மூலையில் குப்பைத் தொட்டி. லிஃப்ட் வருவதாகத் தெரியவில்லை. அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்தாள். என்னிடம் ஒன்று சொன்னாள், நான் பதில் சொன்னேன். லிஃப்ட் வந்து, கதவு மூடி, கீழே திறந்தபோது சட்டையிலிருந்த அவள் கை தளர்ந்திருந்தது.

மாமா மருந்துப் பையோடு ஓடி வந்தார். அழுது முடித்த பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, “கடைசியா என்ன சொன்னா?” என்பதுதான். இதையும் எழுதத்தான் கேட்கிறார் என்று தோன்றியது. “ஒண்ணும் சொல்லல,” என்றேன்.

செய்தி பதிப்பாளர் மூலமாக வாசகர்களுக்குப் போனது. அப்போது எடுத்துவிட்டீர்களே, அந்தக் கட்டுரையைத் திரும்பப் போடுங்கள் என்று கேட்டார்கள். அவ்வளவு அழகான அஞ்சலியைத் தாங்கள் படித்ததே இல்லையாம். பதிப்பாளரும் என்னிடம் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார். “தயாராத்தானே இருக்கு தம்பி, ஒரு அமுக்கு அமுக்கினா போதும். அவங்களுக்கும் அது மரியாதைதானே.”

ஒரு மாதம் கழித்து மாமா கடைக்கு வந்தார். சவரம் செய்யவில்லை. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். என் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கட்டுரையைத் திறந்தார். அக்கா கோடு போட்ட இடத்துக்கு வந்து நின்றார்.

“அந்த மூணு மார்க்கை மட்டும் சரி பண்ணிட்டுப் போட்டுடறேன் மாப்ளே. அவ அப்படிப் பேசமாட்டேன்னாளே. நெசமா என்ன பேசினா, அதைப் போட்டாத்தான் அவளுக்கு மரியாதை. நீ அன்னைக்குப் பொய் சொன்னே. எனக்குத் தெரியும். சொல்லு.”

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தச் சன்னலும் வெளிச்சமும் திரையில் நின்றதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

“இங்க சன்னலே இல்லையேடான்னு சொன்னா மாமா.”

எதிரே நீதிமன்றத்தில் யாரையோ மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

“நீ என்ன சொன்னே?”

“வீட்டுக்குப் போயிடலாம்க்கா, அங்க இருக்குன்னு சொன்னேன்.”

“அது அவ காதுல விழுந்துச்சா?”

“தெரியல மாமா.”

அவர் கையைச் சுட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “அழிச்சுடு,” என்றார். இதையா, எல்லாவற்றையுமா என்று கேட்டேன். எல்லாவற்றையும் என்றார். நர்ஸ், மனக்கணக்கு, மீசை என்று அக்கா ஏழுக்குக் குறையாமல் மார்க் போட்ட அத்தனையும் போனது. அழித்தால் திரும்ப வராது, சம்மதமா என்று திரை கேட்டது. அவர் தலையசைத்த பிறகுதான் அமுக்கினேன்.

அதன் பிறகு மாமா எதுவும் எழுதவில்லை. அக்காவின் கட்டில் இன்னும் சன்னலோரம்தான் இருக்கிறது, அவர் அதில்தான் படுக்கிறார். சன்னலைச் சாத்துவதே இல்லை. போன வாரம் மழையில் மெத்தை நனைகிறது என்று கீழ் வீட்டம்மா போன் செய்தாள். ஓடிப்போய்ச் சாத்தப் போனேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை.